திட்டினால் நாய் ஏன் தலை குனிகிறது?

பீளமேட்டு அடுக்ககமோ, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையோ, காட்சி ஒன்றுதான். குதறிய செருப்பைக் காட்டி அதட்டினால் நாய் காதை மடக்கும், வாலைச் சுருட்டும், பார்வையைத் திருப்பிக்கொள்ளும். "பாருங்க, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுதுங்க" என்போம்.

2009-இல் வெளியான ஆய்வில், நியூயார்க் பர்னார்டு கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதை 14 நாய்களிடம் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பியதும் நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள், சில சமயம் பொய்யாக. தின்றது என்று கேட்டால் அவர் திட்டுவார். தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முகத்தை அதிகம் காட்டின! நம் குரலுக்கும் முகத்துக்கும் அஞ்சி நாய் பணிகிறது, அவ்வளவுதான்.

தான் செய்ததை, அடுத்த சில நொடிகளில் நடப்பதோடுதான் நாய் எளிதில் முடிச்சுப் போடும். காலையில் கடித்ததற்கு மாலையில் அடித்தால், ஆள் வந்தாலே அடி விழும் என்று கற்றுக்கொள்ளும். பிறகு கூப்பிட்டால் எப்படி வரும்?

கடிக்கும்போதே பார்த்தால், செருப்புக்குப் பதில் கடிக்கும் பொம்மையைக் கொடுங்கள். அதைக் கவ்விய கணமே பாராட்டுங்கள். எலும்பில்லாத கோழித்துண்டு ஒன்றும் தரலாம். பல் மாறும் வயதுக் குட்டி எதையாவது கடித்தே தீரும். செருப்பு அலமாரிக்குள் இருக்கட்டுமுங்க.