பாயில் விரித்த விரிப்பு

மாத்தளைக்கு வடக்கேயுள்ள அலுவிகாரையில், 1980களில் கிராமத்துப் பெண்களுக்குப் பற்றிக்கும் கைப்பூவேலையும் பிழைப்பாகக் கிடைக்கச் செய்தவர் ஏனா டி சில்வா (1922–2015). அதற்கு முன்னரே பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலுக்கு அவர் செய்துகொடுத்த பற்றிக் விதானம் பெயர்பெற்றது. பல துணிகள் சேர்ந்த வேலை அது. அண்ணாந்து முழுவதையும் பார்த்தால்தான் அழகு புரியும்.

எமது மாதர் சங்கங்களில் ஒட்டுத்துணி விரிப்புத் தைக்கும் சகோதரிகளுக்கு அந்த முழுப் பார்வை கிடைப்பதில்லை. தன் சதுரத்தை வீட்டில் முடித்துக் கொடுத்து, கூலி வாங்குவதோடு சரி. விரிப்பு என்ன விலைக்குப் போனதென்றும் தெரியாது.

விற்பனைக்கு அனுப்புமுன் ஒரு மாலை எல்லோருமாகப் பாயில் விரித்துப் பாருங்கள். இறுகிய கம்பளித் துண்டை ஓரம் மடிக்காமலே ஒட்டலாம். நமது பருத்தியை மடிக்காவிட்டால் சில சலவையிலேயே நூல் பிரியும். அடுத்தவர் வேலைக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் இந்தக் குறை கண்ணில் படும். குறை பார்க்க மட்டும் கூடினால் மறுமுறை யாரும் வரமாட்டார்கள். நல்ல தையல் யாருடையது என்றும் கேளுங்கள். விலையையும் அங்கேயே, தைத்தவர்கள் முன்னிலையில் பேசுங்கள். பின்பக்க மூலையில் அவர்கள் பெயர்களை நூலால் போட்டுவிடுங்கள்.