பாத்திரம் போனால் வாங்கலாம், பத்திரம் போனால்?

"சார், நம் நாட்டில் குளிர்காலமே இல்லையே, டிசம்பர் வந்தால் மட்டும் ஏன் வெள்ளம் வருகிறது?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

விடை வெகு தொலைவில் சைபீரியாவில் இருக்கிறது. அங்கே கடுங்குளிர் இறங்கும்போது கனத்த குளிர்காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. தென்சீனக் கடலைக் கடக்கையில் ஈரத்தைச் சுமந்து வந்து நம் மண்ணில் மழையாகக் கொட்டுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று இதுதான். அங்கே பனி, இங்கே வெள்ளம்!

வழக்கமாக இதன் அடி கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களின் மேல்தான் விழும். தித்திவங்சா மலைத்தொடர் சிலாங்கூருக்குச் சுவர்போல நிற்கிறது. ஆனால் சுவரை நம்பி அயர்ந்துவிட முடியாது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரே மூழ்கியது. 2021 டிசம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கிழக்குக் கரையில் ஏறித் தீபகற்பத்தைக் கடந்தபோது சிலாங்கூர் கலங்கிப்போனது. நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பருவ வெள்ளங்களின் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

நம் சிலாங்கூர் ஆறும் சாதுவானதல்ல. 1926 வெள்ளத்துக்குப் பின் பழைய கோல குபு ஊரையே விட்டுவிட்டு, மேட்டில் கோல குபு பாரு கட்டப்பட்டது. அங்கிருந்து பெஸ்தாரி ஜெயா எனும் பழைய பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோல சிலாங்கூரில் ஆறு கடலைச் சேர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கி நிற்கும்போது ஆற்று நீர் வடிய வழியின்றித் தேங்கும். அந்த நேரத்தில் மேலே மலையில் மழை கொட்டினால், கீழே தாழ்நிலத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

தோட்டத்து மக்களுக்கு மழை என்றால் முதலில் அடிபடுவது சோற்றுப் பானை. பால்மரம் வெட்டிய காலத்தில், பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். விடியற்காலையில் மழை பிடித்தால் பெரட்டுக் களத்திலிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இன்று செம்பனை. வெட்டிய குலையை உடனே ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். பாதை மூழ்கினால் லாரியும் வராது, வேலையும் நடக்காது.

ஆனால் கூலியை மறு மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். பானை, பாத்திரம், மெத்தையை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளலாம். பிறப்புப் பத்திரம் போனால்? தோட்டத்தில் பிறந்தும், பத்திரம் இல்லாத காரணத்தால் பள்ளியில் சேரவும் நீல அடையாள அட்டை பெறவும் அலைந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நம் சமூகம் நன்கு அறியும். ஒரு காகிதம் நனைந்தால் ஒரு பிள்ளையின் எதிர்காலமே நனைந்துபோகும்.

ஆகவே, தாய்மார்களே, அக்டோபர் முடிவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சேமநிதி, சொக்சோ காகிதங்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள். அப்படியும் தொலைந்தால் தள்ளிப்போடாமல் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள்.

தண்ணீர் வாசலுக்கு வருமுன் மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். வெள்ள நீரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு புண் வழியாகவே உயிரைக் குடிக்கும் காய்ச்சலைக் கொண்டுவரும். வீட்டைக் கழுவும்போது பூட்ஸ் அணியுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஆபத்து என்றால் 999.

சைபீரியக் காற்றை நிறுத்த நம்மால் முடியாது. ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைக்க முடியும். வருமுன் காப்போம்!