தலைச்சன் கர்ப்பமும் மலேரியாவும்



கொசு கடித்து உடம்பில் புகும் மலேரியாக் கிருமி, இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஆனாலும் முழுசாக ஒளிய முடிவதில்லை. ஃபால்சிபாரம் என்ற கொடிய வகைக் கிருமி, தான் குடியிருக்கும் அணுவின்மேல் சின்னச் சின்ன முடிச்சுகளை உண்டாக்குகிறது. அவற்றால் அந்த அணு இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

அந்த முடிச்சே அதைக் காட்டிக் கொடுக்கிறது. நம் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அதில் பொருந்தும், அணுவை ஒட்டவிடாது. ஆனால் உடம்பு முன்பே பழகிய முடிச்சைத்தான் அது நன்றாக அடையாளம் காணும்.

கர்ப்பத்தில் என்ன ஆபத்து?

நச்சுக்கொடியில் ஒட்டும் கிருமியின் முடிச்சு வேறு வகை. தலைச்சன் கர்ப்பத்தில் தாயின் உடம்புக்கு அது புதுசு. அதனால் கிருமி அங்கே பெருகும். தாய்க்கு இரத்தசோகை வரலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

மலேரியா மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில் அடுத்தடுத்த கர்ப்பங்களில் இந்த எதிர்ப்பு வளர்கிறது. நம் பக்கம் மலேரியா குறைவு; ஆகவே எதிர்ப்பும் குறைவு. “இது ரெண்டாவதுதானே” என்று இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கர்ப்பிணி கொசுவலைக்குள் படுக்கட்டும்.
2. குளிர்காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதியுங்கள்.
3. வெளியூர் வேலைக்குப் போய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.
4. கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மலேரியா மாத்திரைகள் கர்ப்பிணிக்கு ஆகாது.

கணவரே, மனைவியைத் தனியே அனுப்பாமல் கூடவே போங்கள்!