பூச்செடியின் காவலர்

பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே பூ இருக்கின்றது. அவ்வூரிலும், அதனை அடுத்த ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலும், வாயிலில் ஒரு செம்பரத்தையேனும் நட்டு வளர்க்கும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. அச்செடியின் கொழுந்தில் ஒருநாள் வெண்பஞ்சு ஒட்டினாற்போன்ற தோற்றம் காணப்படும். அது பஞ்சன்று; சாற்றை உறிஞ்சி வாழும் மாவுப்பூச்சிக் கூட்டம். அவை கழிக்கும் இனிய நீரை நாடி எறும்புகள் ஊரும். அந்நீர் படிந்த இலையிற் கரும்பூசணம் படரும். கொழுந்து சுருண்டு மொட்டு உதிரும்.

மாவுப்பூச்சியின் உடலை மூடிய மெழுகுத்தூள் அதற்குக் கவசமாகும். நஞ்சினைத் தெளித்தாலும் எளிதில் உட்புகுவதில்லை. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டு உழவர் பெருந்துன்பத்தின் வழியே அறிந்தனர். மெக்சிகோ நாட்டுக்குரிய பப்பாளி மாவுப்பூச்சி, 2008ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரிற் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பரத்தை என வேறுபாடின்றிப் பற்றியது. மல்பெரி இலை பட்டுப்புழுவிற்கு உணவாதலின் அதில் நஞ்சு தெளித்தலும் அரிதாயிற்று. தாயகத்தில் அதனை அடக்கிவைக்கும் பகைவர் இங்கு இல்லாமையே அதன் பெருக்கத்திற்குக் காரணம் என்பதை அறிஞர் உணர்ந்தனர்.

அப்பகைவரை 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூருக்கு வருவித்தனர். அவை மூவகைச் சிறு குளவிகள். அவற்றுள் தலைசிறந்தது அசிரோஃபாகஸ் பப்பாயே என்பது, நீளம் ஒரு மில்லிமீட்டரினும் குறைவு, மனிதரைக் கொட்டுவதன்று. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடலினுள்ளே முட்டையிடும். அதிலிருந்து தோன்றும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சியின் தோல் தடித்துக் கூடுபோலாகும். பின்னர் அதில் துளையிட்டு இளங்குளவி வெளியே பறந்து செல்லும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இவற்றைப் பெருக்கிப் பல மாவட்டங்களில் விடுத்தனர். சில திங்களிலேயே பூச்சியின் கொட்டம் அடங்கிற்று.

ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட ஒருவகைப் பொறிவண்டும் மாவுப்பூச்சியை உண்ணும். ஆயின், அதன் புழுவும் வெண்மெழுகு இழைகளைப் போர்த்து மாவுப்பூச்சி போலவே தோன்றும். வேற்றுமை அறியாதார் காவலனைக் கள்வனென்று எண்ணி நசுக்கிவிடுவர். இரங்கத்தக்க பிழை இது! சற்றுப் பொறுத்து நோக்கின் உண்மை விளங்கும். புழு உருவிற் பெரிது, விரைந்து ஊரும், மாவுப்பூச்சியோ பெரும்பாலும் ஓரிடத்தே ஒட்டிக் கிடக்கும்.

எறும்புகளை விலக்குதலும் வேண்டும். இனிய நீரின்பொருட்டு மாவுப்பூச்சியைக் காக்கும் அவை, குளவிகளை அணுகவொட்டாமல் துரத்தும். மிகுதியாகப் பற்றப்பட்ட கொழுந்தைக் கத்தரித்து நீக்கலாம். குளவிகள் புகுந்த செடியில் நஞ்சு தெளிப்பின், முதலில் மடிவது குளவியே. மெழுகுக் கவசம் அதற்கு இல்லை.