டீசலைக் குடிப்பது எடையா, காற்றா?

அமெரிக்காவில் புதுக் கார் விற்கும் ஷோரூம் எதற்குள் நுழைந்தாலும், வண்டிக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஊருக்குள் கேலனுக்கு இத்தனை மைல், நெடுஞ்சாலையில் இத்தனை மைல் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதே ஷோரூமில் நெஞ்சுயர முகப்போடு நிற்கும் ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 போன்ற டீசல் பிக்கப்புகளில் மட்டும் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. வண்டியும் அது சுமக்கத்தக்க பாரமும் சேர்ந்து 8,500 பவுண்டைத் தாண்டும் பிக்கப்புகளுக்கு மைலேஜ் சீட்டு கட்டாயமில்லை. நம் கணக்கில் அது சுமார் 3,850 கிலோ. ஆக, எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டியை வாங்குபவருக்குத்தான் எவ்வளவு குடிக்கும் என்ற தகவல் இல்லை. வாங்கி ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் அடங்கும். வெறும் வண்டியாக நெடுஞ்சாலையில் போனால் கேலனுக்கு 18, 20 மைல். பின்னால் முப்பது முப்பத்தைந்து அடி நீள டிராவல் டிரெய்லரை மாட்டினால் 9லிருந்து 11 மைல். நம் வழக்கத்தில் சொன்னால், லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி நாலுக்கு இறங்கிவிடுகிறது. (அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பழைய கனடாக்காரர் ஒருவர் தன் வண்டி அதிகம் தருகிறது என்று பெருமையடித்தால் அவருடைய கேலன் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.)

டிராவல் டிரெய்லர் என்பது சக்கரத்தில் ஏறிய வீடு. கட்டில், சமையல்கட்டு, குளியலறை, ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் உள்ளே இருக்கும். பெரியவை நாலு நாலரை டன் எடை வரும். மூன்றரை டன் பிக்கப் இன்னொரு நாலரை டன்னை இழுத்தால் மைலேஜ் பாதியாகத்தானே செய்யும் என்று தோன்றும். கணக்கு இவ்வளவு பொருத்தமாக வருவதால்தான் பலரும் பழியை எடைமேல் போட்டுவிட்டு அதற்கு மேல் யோசிப்பதில்லை.

சரக்கு லாரியைப் பார்த்தால் இந்தப் பொருத்தம் குலைந்துவிடும். அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரி முழு லோடோடு 80,000 பவுண்டு வரை இருக்கலாம். அதாவது 36 டன். அது கேலனுக்கு ஆறு ஏழு மைல் தருகிறது. நம் பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்தால் எட்டு டன்தான், ஆனாலும் பத்து மைலைத் தாண்டவே திணறுகின்றன. எடையில் நாலரை மடங்கு வித்தியாசம், டீசலில் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். எடைதான் காரணமென்றால் லாரி கேலனுக்கு இரண்டு மைலில் நின்றிருக்க வேண்டும். இதைவிடப் பெரிய குட்டும் உண்டு. அமெரிக்க எரிசக்தித் துறையின் 'சூப்பர் டிரக்' திட்டத்தில் கம்மின்ஸும் பீட்டர்பில்ட்டும் சேர்ந்து செய்த லாரி, 29 டன்னோடு நிஜச் சாலையில் ஓடி 2014 வாக்கில் 10.7 மைல் காட்டியது. எஞ்சினைத் திருத்தியது அதில் ஒரு பங்கு. கூரை முதல் சக்கர ஓரம் வரை காற்று வழுக்கிப் போகும்படி உடலைச் செதுக்கியது இன்னொரு பெரும் பங்கு. விடுமுறைக்குப் போகும் குடும்பத்தின் பிக்கப் அந்த 29 டன் லாரியிடம் தோற்கிறது.

சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும் வண்டியை இரண்டு விஷயங்கள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் வீணாகும் சக்தி. இது எடையைச் சார்ந்தது. மற்றது காற்று. அதற்கு எடையைப் பற்றிக் கவலையில்லை. முகப்பின் பரப்பு, உடலின் வடிவம், வேகம் இவைதான் அதற்குக் கணக்கு. உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் முகம் ஏழரைச் சதுர மீட்டர், வடிவக் குணகம் 0.7, மொத்த எடை எட்டு டன், வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். டயர்களின் தடை சுமார் 70 கிலோ விசை. காற்றின் தடை சுமார் 250 கிலோ விசை. ஆக, எரியும் டீசலில் முக்கால் பங்குக்கு மேல் காற்றை விலக்கவே செலவாகிறது. சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டையே கேரியரில் கட்டிக்கொண்டு மிதிப்பதுதான் இங்கே வித்தியாசம்.

இரண்டு தடைகளையும் வெல்ல அந்த வேகத்தில் சுமார் 87 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 120 குதிரைத்திறன் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் கிட்டத்தட்ட பத்து யூனிட் சக்தி இருக்கிறது. எஞ்சின், கியர், அச்சு எல்லாம் தின்றதுபோக மூன்றரை யூனிட் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 25 லிட்டர் எரியும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். சாலையில் கண்ட எண்ணும் காகிதத்தில் வந்த எண்ணும் ஒன்றுதான்.

பிக்கப்பின் கூரை தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரம். டிரெய்லரின் உச்சி மூன்று மீட்டருக்கு மேல். நடுவில் பிக்கப்பின் திறந்த தட்டும் இணைப்புக் கம்பியும் சேர்ந்து மூன்று மீட்டர் இடைவெளி. கூரைமேல் ஏறிவந்த காற்று அந்தப் பள்ளத்தில் விழுந்து, டிரெய்லரின் நெட்டுக்குத்தான சுவரில் மோதுகிறது. பின்புறம் வெட்டிவிட்டதுபோல முடிவதால் அங்கே காற்றழுத்தம் குறைந்து வண்டியைப் பின்னோக்கி உறிஞ்சுகிறது. அடியில் அச்சுகள், குழாய்கள், கழிவுநீர்த் தொட்டிகளின் வால்வுகள். பதினெட்டுச் சக்கர லாரிக்காரர்கள் காபின்மேல் சரிவுக் கூரை வைத்து, இடைவெளியைக் குறைத்து, பக்கவாட்டில் பாவாடை கட்டி இதையெல்லாம் வெகுநாள் முன்பே கவனித்துவிட்டார்கள். அவர்களுக்கு எரிபொருள்தான் லாபநஷ்டம்.

டிரெய்லர் செய்பவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1934இல் ஹாலி போலஸ் என்பவர் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து, விமான உடல்போல வழுவழுப்பான 'ரோட் சீஃப்' டிரெய்லரைச் செய்தார். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர் அவர். அந்த வழியில் வாலி பையம் 1936இல் கொண்டுவந்த 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' இன்றுவரை வாரிசுகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. முனைகள் உருண்ட ஏர்ஸ்ட்ரீமை இழுப்பவர்களுக்கு, அதே எடைகொண்ட பெட்டி டிரெய்லரை இழுப்பவர்களைவிட மைலேஜ் கொஞ்சம் கூடவே கிடைக்கும். ஆனால் உருண்ட சுவரில் அலமாரி பொருந்தாது, மூலையில் கட்டில் போட முடியாது, விலையும் அதிகம். வாங்க வருபவர் நிற்கும் வண்டிக்குள் ஏறித்தான் பார்க்கிறார். ஓடும் வண்டியின் வெளியே பார்ப்பதில்லை. இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்துதான் அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பகுதி வருகிறது. வரிசையாக அங்கிருந்து கிளம்புபவை எல்லாம் பெட்டிகளாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

இனி எஞ்சின். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் எஞ்சினைச் சோதித்தபோது 26.2 சதவீதத் திறன் காட்டியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் அதன் பக்கத்தில் வர முடியவில்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்துப் பதினாறு மடங்கு அளவுக்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் அடிப்படை இன்றும் மாறவில்லை. பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் குறைக்கக் காற்று வழியை அடைக்க வேண்டும். டீசலில் எரிபொருளைக் குறைத்தால் போதும். பெரும் பாரத்தில் பெட்ரோல் எஞ்சின், பாகங்கள் வெந்துபோகாமலிருக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. டீசலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. போதாததற்கு, லிட்டருக்கு லிட்டர் டீசலில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதல் சக்தி. இழுக்கும் வேலையில் டீசல் ஜெயிப்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

ஆனால் மைலேஜுக்காக டீசல் வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள். டீசல் எஞ்சினுக்காக மட்டும் கிட்டத்தட்ட 10,000 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் டிரெய்லர் இழுப்பவருக்குப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 3.2 கிலோமீட்டரும் டீசல் நாலும் தருவதாக வைத்துக்கொண்டால், மிச்சமாவது ஆண்டுக்குச் சுமார் 600 லிட்டர். லிட்டர் ஒரு டாலர் என்றாலும் போட்ட காசு திரும்பப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். நம் ஊர் போலல்லாமல் அங்கே டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை கூட. மத்திய வரியே கேலனுக்குப் பெட்ரோலில் 18.4 சென்ட், டீசலில் 24.4 சென்ட்.

டீசலுக்குக் கொடுக்கும் காசு மலையில்தான் தெரியும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் இடம் கடல்மட்டத்திலிருந்து 3,400 மீட்டர். மேற்கே டில்லன் ஊரிலிருந்து சுரங்க வாய் வரை சுமார் 600 மீட்டர் ஏற்றம். எட்டு டன்னை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் கிட்டத்தட்ட நாலு லிட்டர் டீசல் வேண்டும். காற்றுக்கும் டயருக்கும் கொடுப்பது தனி. எடை தன் பங்கைக் கேட்டு வாங்குவது இங்கேதான். உயரம் போகப்போகக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டர்போ வைத்த டீசல் மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிவிடும். கம்மின்ஸ் 6.7 லிட்டர் எஞ்சின் கொண்ட ராம், 2019இல் 1,000 பவுண்டு-அடி முறுக்குவிசையைத் தொட்டது. ஃபோர்டு 2023இல் 1,200க்குப் போனது. சமதளத்தில் தேவைப்படுவது 120 குதிரை என்று பார்த்தோம். மீதிக் குதிரைகளெல்லாம் இந்த ஏற்றத்துக்காகத் தீனி தின்பவை.

இறக்கத்தில் செலவழித்ததெல்லாம் திரும்பி வராதா? வராது. எட்டு டன் உருண்டு வேகமெடுத்தால் பிரேக் வெந்துவிடும். அதனால் டர்போவின் இதழ்களை மூடி, புகை வெளியேறும் வழியைக் குறுக்கி, எஞ்சினையே பிரேக்காக்குகிறார்கள். இதுதான் எக்ஸாஸ்ட் பிரேக். அப்போது டீசல் சொட்டுக்கூட எரியாது. டேஷ்போர்டு திரையில் மைலேஜ் எண் எகிறிக் காட்டும். ஏறியபோது கொடுத்த நாலு லிட்டரில் பெரும்பகுதி சூடாகிக் காற்றில் கலந்துபோயிருக்கும்.

அந்தத் திரையை நம்பி மைலேஜ் சொல்பவர்கள்தான் இந்த விஷயத்தில் குழப்பம் விளைவிப்பவர்கள். டாங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால்தான் உண்மை வரும். அதுவும் ஒரு டாங்கோடு முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் காற்று நாளுக்கு நாள் மாறும். நாம் போட்ட கணக்கில் 90 கிலோமீட்டர் வேகத்தில் 4.7 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு, 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால் 3.5தான். அதே காற்று முதுகில் அடித்தால் ஆறரைக்கு மேல். வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே ஐ-80 சாலையில் மேற்குக் காற்று எப்படி அடிக்குமென்றால், உயரமான, எடை குறைந்த வண்டிகள் கவிழ்ந்துவிடும் என்று அவற்றுக்கு மட்டும் சாலையை மூடிவிடுவார்கள். அந்த வழியே கிழக்கு நோக்கி வந்தவர் பெருமையாகச் சொல்லும் மைலேஜும் மேற்கு நோக்கிப் போனவர் புலம்பும் மைலேஜும் ஒரே வண்டியுடையதாகவே இருக்கலாம். குளிர்காலத்தில் காற்று அடர்த்தியாவதால் இன்னும் கொஞ்சம் குறையும். 2007க்குப் பிறகு வந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க அவ்வப்போது கூடுதல் டீசல் போகும். பாரம் இழுக்கும்போது புகைக்குழாய் தானே சூடாக இருப்பதால் அந்தச் செலவு குறைவு என்பது ஒரு சின்ன ஆறுதல்.

மின்சார பிக்கப்பும் இதிலிருந்து தப்பவில்லை. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கோ ரிவியனோ பெரிய பெட்டி டிரெய்லரை இழுத்தால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகிறது. டீசல்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுடைய வண்டிக்கும் பாதியாகத்தான் ஆகிறது. 180 லிட்டர் டாங்க் இருப்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வாங்கிய வண்டியின் முகப்பை மாற்ற முடியாது, மலையை நகர்த்த முடியாது. ஓட்டுபவர் கையில் மிஞ்சுவது வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அதே வண்டி 90இல் 4.7, 100இல் 4, 120இல் 3 என்று சரிகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வரம்பு விதித்ததும் இந்தக் கணக்கை நம்பித்தான். மக்கள் முணுமுணுத்து முணுமுணுத்து 1995இல் அது போனது. ஆனால் கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்கு இன்றும் 55 மைல்தான், சுமார் 88 கிலோமீட்டர். அரிசோனாவில் 75 மைல் வரம்புள்ள ஐ-10 சாலையில் வந்தவர்கள் கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பிளைத் ஊருக்குள் நுழைந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறார்கள். அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 360 கிலோமீட்டர். 105இல் போனால் நம் கணக்குப்படி 96 லிட்டர் எரியும், 88இல் போனால் 74. மிச்சம் 22 லிட்டர். கூடுதலாக ஆகும் நேரம் நாற்பது நிமிடம்.