இடுப்பு வலியும் வேலை அளவும்

நடவிலும் களையெடுப்பிலும் ஆண்டுக்கணக்கில் குனிந்த இடுப்பு, ஒரு வயதுக்கு மேல் நோகத் தொடங்குகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்பர் மருத்துவர். இவ்வலியுடையோர் செய்யும் தவறொன்றை நாம் கிராமந்தோறும் காண்கிறோம். வலி தணிந்த நாளில், தங்கிய வேலை அனைத்தையும் ஒருமிக்க முடிக்க முனைகின்றனர். மறுநாள் எழ இயலாது படுத்துவிடுகின்றனர். படுக்கை நீண்டால் தசை தளரும். தளர்ந்தால் சிறு வேலைக்கே வலி மிகும்.

இதற்கு வழி யாது? வலி மிகுந்தபின் நிறுத்துவதன்று, மிகுமுன் நிறுத்துவதே. எவ்வளவு நேரம் குனிந்தால் வலி மிகுகிறதென்று சில நாட்கள் கவனிக்க வேண்டும். அது 20 நிமிடமாயின், 15 நிமிடத்திலேயே நிமிர்ந்து, வரப்பில் சற்று நடந்து, நின்று செய்யும் வேலைக்கு மாறுதல் நன்று. நல்ல நாளிலும் இவ்வளவை மீறலாகாது. இயலாத நாளிலும் அடியோடு படுக்கலாகாது. பழகியபின், வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டலாம்.

கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க இயலாவிடினோ, உடனே மருத்துவரை நாட வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு.

கூலிக்கு வந்தோர் தாமாக நிமிர அஞ்சுவர். சோம்பேறி என்னும் ஏச்சே பலரை அளவு மீறச் செய்கிறது. ஊராட்சி உறுப்பினர்கள் இதனை நிலமுடையோர்க்கு எடுத்துரைக்க வேண்டும். நிமிர இடங்கொடுத்தால், ஒரு நாள் உழைத்து மூன்று நாள் படுப்பவர் நான்கு நாளும் களத்தில் நிற்பார்.