நீரிழிவுள்ள பிள்ளையும் கடற் பயணமும்

கடலருகிற் பிறந்தோர் கடலுக்கு அஞ்சார் என்று சொல்வோர் உளர். காரைதீவில் வாழும் எமக்கு அக்கூற்று முழுவதும் பொருந்தாது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் காலையில் எழுந்த பேரலையை எம்மூரார் மறந்திலர். அன்று தம் தமக்கையை இழந்த எம் அன்னையார் இன்றும் கடற்கரைப் பக்கம் போவதில்லை. ஆகவே, தங்கையின் மகனையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி நாகபட்டினம் செல்லப் போகிறோம் என்று சென்ற ஆண்டு நாம் வீட்டிற் சொன்னபோது எழுந்த எதிர்ப்பு எமக்கு வியப்பளிக்கவில்லை.

எதிர்ப்புக்கு மற்றொரு காரணமும் இருந்தது. எம் மருமகனுக்கு வயது பதின்மூன்று. ஒன்பதாவது வயதிலே அவனை முதலாம் வகை நீரிழிவு பற்றியது. நாளொன்றுக்கு நான்கு முறை இன்சுலின் ஊசி ஏற்ற வேண்டும். விரல் நுனியிற் குருதி எடுத்துச் சர்க்கரையின் அளவைப் பார்க்க வேண்டும். “நடுக்கடலில் இவனுக்கு மயக்கம் வந்தால் யாரிடம் போவது, அண்ணன்?” என்று தங்கை கேட்டாள். விடை சொல்ல நாம் வாயெடுக்குமுன் பையன் சொன்னான்: “வகுப்பில் எல்லாரும் சுற்றுலாப் போனபோதும் நான் வீட்டில்தான் இருந்தேன், மாமா.”

அச்சொல் எம்மைச் சுட்டது. ஆசிரியத் தொழிலில் நாமும் ஒருமுறை, இழுப்பு நோயுள்ள மாணவனொருவனை, பொறுப்பு எமக்கெதற்கு என்று கருதிச் சுற்றுலாவினின்றும் நிறுத்தியதுண்டு. அன்று அவன் முகம் வாடியதை நாம் கண்டும் காணாதவர் போல் இருந்தோம். இம்முறை அப்பிழையைச் செய்வதில்லை என்று உறுதி கொண்டோம். ஆயினும், உறுதி மட்டும் ஒரு பிள்ளையைக் கரை சேர்க்காது, ஆயத்தமும் வேண்டும். அந்த ஆயத்தத்தில் நாம் கற்றவற்றைப் பெற்றோருக்கும் மாணவருக்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகின்றோம்.

நூறாண்டுக்கு முன்னும் பின்னும்

நூறாண்டுக்கு முன்னர் இத்தகைய பிள்ளையைப் பயணம் அழைத்துச் செல்வது பற்றிய பேச்சே எழுந்திராது. இந்நோய் கண்ட சிறுவரைப் பட்டினி போட்டுச் சிறிது காலம் உயிரோடு வைத்திருப்பதே அன்றைய வைத்தியம். 1922ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், கனடாவின் ரொறன்ரோ நகர வைத்தியசாலையில், லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. முதல் மருந்து தூய்மை குறைந்திருந்தமையால் போதிய பயன் தரவில்லை. பன்னிரண்டு நாட்களின் பின் ஏற்றிய தூய மருந்து அவனைப் பிழைக்க வைத்தது. பாண்டிங், பெஸ்ட், கொலிப் முதலியோரின் அவ்வுழைப்பினாலேயே எம் மருமகன் இன்று பாடசாலைக்குப் போகின்றான், பந்தும் அடிக்கின்றான். மருந்து கிடைத்த பின்னும் பிள்ளையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது முறையாகுமோ?

கப்பலில் வைத்தியர் உண்டா?

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இது. 2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடற்றொழிலாளர் உடன்படிக்கையின்படி, நூறு பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் செய்யும் கப்பல்களில் தகுதி பெற்ற வைத்தியர் இருத்தல் வேண்டும். 2023இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்துபோன உல்லாசக் கப்பல் போன்றவற்றில் மருத்துவ அறை இருக்கும். அங்ஙனம் செல்வோர், பிள்ளையின் நோயைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கப்பற் குழுமத்தாருக்கு எழுத்தில் அறிவித்தல் நன்று. மருந்து வைக்கக் குளிர்ப்பெட்டியும் அப்போதே கேட்டுப் பெறலாம்.

நாம் ஏறவிருந்ததோ காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பல். 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய அச்சேவை சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கியது. பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரமே. மேற்சொன்ன விதி இதற்குப் பொருந்தாது. ஆகவே அந்த நான்கு மணி நேரத்துக்கும் நாமே துணை என்று கருதி ஆயத்தமானோம்.

இரண்டு பைகள்

கல்முனையில் பையனைப் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு மாதம் முன்னரே சென்றோம். அவர் பயணத்தைத் தடுக்கவில்லை. நோயின் பெயர், மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, ஊசிகள் எடுத்துச் செல்வதன் காரணம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தார். “தேவையானதைப் போல் இரண்டு மடங்கு கொண்டு போங்கள், ஒரே பையில் வையாதீர்கள்” என்றார். கடல் சீறினால் கப்பற்சேவை நாட்கணக்கில் நிற்பதுண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் மாதக்கணக்கிலும் நிற்பதுண்டு. ஆறு நாட் பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் மருந்து கொண்டு போவதன் நியாயம் அப்போது எமக்கு விளங்கியது. ஒரு பை எம் தோளிலும், மற்றொன்று தங்கையின் கையிலும் இருந்தன. பெரிய பெட்டியில் மருந்து எதுவும் வைக்கவில்லை.

திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருத்தல் வேண்டும். பயன்பாட்டிலுள்ள குப்பி, கடும் வெயில் படாத அறையில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. வெப்பம் அதைக் கெடுப்பது போலவே உறைதலும் கெடுக்கும். ஆதலின் பனிக்கட்டியோடு ஒட்டி வைக்கலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில், இரண்டு மண்பானைகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து, நடுவில் ஈரமணல் இட்டு, உள்ளே மருந்தை வைக்கும் வழக்கமுண்டு. நீர் ஆவியாகும்போது உட்பானை குளிரும். அதே முறையில், தண்ணீரில் நனைத்தாற் குளிரும் ஒரு சிறு துணிப் பையைச் சாய்ந்தமருதுவில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் எமக்குத் தந்தார். விலை பெற மறுத்து, “நாகூருக்குப் போனால் எங்கள் குடும்பத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள், சேர்” என்றார். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தைக் கண்டவர்களுக்கு அவ்வேண்டுகோளின் அருமை புரியும்.

நண்பர் மற்றொன்றும் எச்சரித்தார். இந்தியாவிற் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டது. பையன் பயன்படுத்துவதோ 100 அலகு கொண்டது. இரண்டுக்கும் உரிய ஊசிகள் வேறு. 40 அலகு மருந்துக்குரிய ஊசியால் 100 அலகு மருந்தை எடுத்தால், வேண்டிய அளவைப் போல் இரண்டரை மடங்கு உடலில் ஏறிவிடும். அது உயிருக்கே ஆபத்து. அங்கே மருந்தோ ஊசியோ வாங்க நேர்ந்தால், குப்பியின் எண்ணும் ஊசியின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் பயன்படுத்தலாகாது. இரு நாட்டிலும் கடிகார நேரம் ஒன்றேயாதலின், மருந்து வேளையை மாற்றும் தொல்லை மட்டும் எமக்கில்லை.

கடற்கிறுகிறுப்பு

கடற் பயணத்தில் நீரிழிவுள்ள பிள்ளைக்குப் பெரிய சோதனை வாந்தியே. இன்சுலின் ஏற்றி, உணவுண்டு, அவ்வுணவை வாந்தி எடுத்துவிட்டால், மருந்து தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். சர்க்கரையோ குறைந்துகொண்டே போகும். அதற்கு அஞ்சி இன்சுலினை முற்றாக நிறுத்திவிடுவதும் பெருந் தீங்கு. எதை, எப்போது, எவ்வளவு குறைக்கலாம் என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் எழுதி வாங்க வேண்டும். கிறுகிறுப்பைத் தடுக்கும் மாத்திரையும் அவர் சொற்படியே, கப்பல் புறப்படுமுன் கொடுக்க வேண்டும். மாளிகைக்காட்டுக் கடற்றொழிலாளர் ஒருவர் தம் அநுபவத்தால் இரண்டு சொன்னார்: கப்பலின் நடுப்பகுதியில் இருத்தல், கண்ணைத் தொடுவானத்தில் நிறுத்துதல். புத்தகமும் தொலைபேசியும் பார்க்கலாகாது என்று நாம் மூன்றாவதைச் சேர்த்துக்கொண்டோம்.

இரவு முழுதும் பஸ்ஸிற் பயணஞ் செய்து காங்கேசன்துறை சேர்ந்தோம். ஊசிகளைக் கண்ட உத்தியோகத்தர் வைத்தியரின் கடிதத்தைப் படித்துவிட்டு, “தம்பி, கெட்டிக்காரன்தான்” என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். கப்பல் புறப்பட்டு ஒன்றரை மணி நேரத்தில் அலை பெருத்தது. பையன் வாந்தி எடுத்தான். அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது. தங்கை எம் கையை இறுகப் பற்றினாள். எமக்கும் நெஞ்சு படபடத்தது என்பதை மறைப்பானேன்?

படபடக்காதிருந்தவன் பையன் ஒருவனே. தானே விரலிற் குத்திப் பார்த்தான். கருவி 64 என்று காட்டியது. 70க்குக் குறைந்தால் 15 கிராம் குளுக்கோசு, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதனை என்பது அவனுக்கு மனப்பாடம். குளுக்கோசு மாவைத் தண்ணீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடித்தான். பதினைந்து நிமிடத்தின் பின் 92. இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுத் தொடுவானத்தைப் பார்த்தபடி அமர்ந்தான். குளுக்கோசு இல்லாவிடத்து மூன்று தேக்கரண்டிச் சீனியும் உதவும். ஆனால் நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வைத்தியர் குளுக்ககோன் ஊசி தந்திருந்தால் அதை ஏற்றி, உடனே உதவி தேட வேண்டும்.

எம்மூரிற் பிறந்து கடல் கடந்து சென்ற சுவாமி விபுலானந்தர் 1931இல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பையன் கண்ணாரக் கண்டான். 1947இல் அவரது யாழ் நூல் அரங்கேறிய திருக்கொள்ளம்பூதூருக்கும் சென்று வந்தோம். நாகூரில் நண்பர் குடும்பத்தை நினைக்கவும் மறக்கவில்லை. திரும்பி வந்த அன்று, கதவோரம் காத்திருந்த எம் அன்னையார் பேரனின் முகத்தைத் தடவிப் பார்த்தார். “கடல் என்ன சொன்னது?” என்று கேட்டார். “கொஞ்சம் குலுக்கியது, அம்மம்மா. நான் சமாளித்துவிட்டேன்” என்றான் அவன்.

பெற்றோரே, ஆசிரியரே, எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாப் பயணமும் ஏற்றதென்று நாம் சொல்லவில்லை. வைத்தியர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். ஆனால் அவரைக் கேளாமலே, எம் அச்சத்தையும் சோம்பலையும் பிள்ளையின் நோயின்மேற் சுமத்தி அவனை வீட்டில் நிறுத்துவது நீதியன்று. அடுத்த தவணையில் எம் வகுப்பு திருகோணமலைக்குச் சுற்றுலா போகிறது. மாணவர் பெயர்ப் பட்டியலோடு மருந்துப் பட்டியல் ஒன்றையும் நாம் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டோம்.